சிங்கம் இல்லாத ஷம்ஷீர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நன்றாக விசாரித்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் சொல்கிறேன். ‘ஷம்ஷீர்’ என்ற சொல்லுக்குச் ‘சிங்கத்தின் நகம்’ என்று அர்த்தம் சொல்லிக்கொண்டு காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே பல காலம் ரயிலில் போய்வந்தவன் நான். சில நாட்களில் ‘சிங்கத்தின் வால்’ என்றும் சொல்லியிருக்கிறேன். நகமா வாலா என்பது, அன்றைக்கு எனக்கு உட்கார இடம் கிடைத்ததா, கேட்கிறவர் எவ்வளவு ஆவலாகக் கேட்கிறார் என்பதையெல்லாம் பொறுத்தது. சிங்கத்தின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனை மொழி ஆராய்ச்சிக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஷம்ஷீர் என்றால் வளைந்த வாள். பாரசீகச் சொல். உருது பேசுகிற வீடுகள் வழியாக எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அதைச் சொன்னவர் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் விற்கிற ஒருவர், ரயில் சிநேகம். ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, “ஷேர்னா சிங்கம். ஷம்னா நகம். நகம் மாதிரி வளைஞ்சிருக்கு இல்ல, அதான்” என்றார். ஜன்னலோர இடம் கொடுத்தவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? வீடு போய்ச் சேர்வதற்குள் நகமா வாலா என்பதை மறந்துவிட்டேன். சிங்கத்தை மட்டும் மறக்கவில்லை.

அது தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், டெஸ்பாட்ச் செக்‌ஷனில் எனக்கு வேலை. அட்டைப்பெட்டிகளின் மேல் மாடல் பெயர், கலர், நாடு எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் மாடல் பெயர்களெல்லாம் இத்தாலியப் பெயர்களாகவும் ஸ்பானியப் பெயர்களாகவும் இருக்கும் என்பதால், எனக்கு அந்த மொழிகளெல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். டீ நேரத்தில் யாராவது ஒரு பெயரைச் சொல்லி அர்த்தம் கேட்டால், தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

என்னுடைய இந்த அர்த்தக் கடையில் அடிக்கடி சரக்கு வாங்கியவன் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். என் வயதுதான். ஆம்பூர்க்காரன், வீட்டில் உருது, வெளியில் தமிழ். நான் அவனைப் பாய் என்பேன். அவன் என்னை வாத்தியாரே என்பான். அதில் மரியாதை கொஞ்சம் கம்மி, கிண்டல் ஜாஸ்தி. ஒரு தோலை மேஜையில் விரித்துப் போட்டால், எந்த இடத்தில் மாடு முள்வேலியில் உரசியது, எந்த இடத்தில் உண்ணி கடித்தது என்று விரலை வைத்துக் காட்டுவான். அவன் மேல் எனக்கிருந்த பிரியத்துக்கு அது காரணமில்லை. நான் சொல்லும் அர்த்தத்தையெல்லாம் அவன் நம்பினான். அதுதான் காரணம்.

ஒரு நாள் அவன் வேலையை விட்டுவிட்டான். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் சொந்தமாகச் செருப்பு செய்யப் போவதாகச் சொன்னான். தோல் அவன் வெட்டுவான், தையல் மெஷின் அவன் மனைவி மிதிப்பார், ஒட்டுவதற்குச் சொந்தக்காரர் ஒருவர். மேனேஜரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவே இல்லையாம். தோளில் தட்டி, “ஆசை இருக்குது, செஞ்சு பாருப்பா. நோன்புப் பெருநாள் வரைக்கும் உன் இடத்துல வேற ஆளைப் போட மாட்டேன். எப்படியும் திரும்பி வருவ” என்றாராம்.

“திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல, வாத்தியாரே. எப்படியும் திரும்பி வருவன்னு சிரிச்சுக்கிட்டுச் சொன்னான் பாரு, அதான் பேஜாராயிருச்சு” என்றான். அவனுடைய நீலநிற ஃபேக்டரி கோட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூட விடவில்லை அந்த நல்ல மனிதர். வீட்டிலேயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். கோட்டு கொட்டகையில் ஒரு ஆணியில் தொங்கியது. பாய் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து வேலை செய்வான். ரம்ஜானுக்குள் செருப்பு ஓட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

பெயர் வைக்கிற வேலை என்னிடம் வந்தது.

“கேட்டா ஆளு அப்படியே நிக்கணும், வாத்தியாரே. அந்த மாதிரி ஒரு பேரு சொல்லு.”

“கொடுவாள்னு வச்சுக்கோ பாய். கொடுன்னா வளைஞ்சதுன்னு அர்த்தம். வளைஞ்ச வாள். சுத்தமான தமிழ்.”

“கொடுவாளா? கடைக்காரன் கொடு கொடுன்னு ஓசியிலயே வாங்கிக்குவான்யா. வேற சொல்லு.”

நான் ஒரு வினாடி கண்ணை மூடினேன். யோசிப்பதற்காக இல்லை, எடுப்பாக இருக்கும் என்பதற்காக. பிறகு திறந்து, “ஷம்ஷீர்” என்றேன்.

“அது தெரியுமே. கத்தி.”

“வெறும் கத்தி இல்ல பாய். ஷேர்னா?”

“சிங்கம்.”

“ஷம்னா நகம். சிங்கத்தோட நகம்.”

அன்றைக்கு நகம் நினைவுக்கு வந்தது அவனுடைய அதிர்ஷ்டம். பிறந்ததிலிருந்து உருது பேசுகிறவனுக்கு, உருதுவில் பஸ் எப்போது வரும் என்று கேட்கக்கூடத் தெரியாத நான் விளக்கம் சொன்னேன். அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டான். அது அவனுடைய முட்டாள்தனம். அதை அவன் எழுதட்டும், என்னுடையதை எழுதவே எனக்கு இடம் போதவில்லை.

செருப்பில் கால் வைக்கிற இடத்தில், குதிகாலுக்குக் கீழே, பெயரைத் தங்க நிறத்தில் அச்சடிப்பது என்று முடிவு செய்தோம். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழகாக எழுதிக்கொண்டு போனேன். பாபி மெஷினை நிறுத்தினார். பாபி என்றால் அண்ணி, நண்பனின் மனைவியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

“செருப்புலயா எழுத்து?”

“ஆமா பாபி. கம்பெனி பேரு.”

“எழுத்து மேல காலை வைப்பாங்களாண்ணா யாராவது?”

“உருதுல எழுதல பாபி. தமிழ், இங்கிலீஷ்தான்.”

“ஏன், தமிழ் எழுத்து எழுத்து இல்லியா? உங்க வூட்ல புஸ்தகத்தை மிதிச்சா சும்மா போய்டுவீங்களா?”

எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு, அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதவனுக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது. இன்றைக்கும் பழைய பேப்பர் காலில் பட்டால் என் கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. சினிமா விளம்பரமாக இருந்தாலும் போகிறது.

“சரி, பேரு வேணாம். வாள் படம் மட்டும் போட்டுக்கலாம்” என்றான் பாய்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “வாள் மேல மட்டும் காலை வைக்கலாமா பாபி?”

“கத்திக்கு இன்னாண்ணா மரியாதை? அது வெட்றதுக்குத்தான இருக்குது” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். தீர்ப்பு முடிந்தது.

அப்படித்தான் எங்கள் செருப்புக்குப் பெயர் இருந்தும் எங்கேயும் எழுதப்படாமல் போனது. பெயரைச் சொல்வதற்கு நாங்கள் இரண்டு பேரும் வாய்தான் வைத்திருந்தோம்.

வாளை வரைகிற பொறுப்பும் எனக்கே. வளைந்த வாளை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். ஆகவே ஒரு விடுமுறை நாளில் வேலூர் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வாள்கள் சாய்ந்து கிடந்தன. தாளை எடுத்துக் கண்ணாடியில் வைத்து வரையப் போனபோது காவலாளி வந்து, “சார், சாயாதீங்க” என்றார். தள்ளி நின்று வரைந்தேன். “சார், கொஞ்சம் நகருங்க, ஜனங்க பாக்கணும்” என்றார். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஆனாலும் நகர்ந்தேன். கடைசியில் நான் வரைந்த வாள், கண்ணாடியின் ஓரத்திலிருந்து ஒருக்களித்துப் பார்த்த வாள். நடுவில் நன்றாகக் கொழுத்து, முனையில் மேல்நோக்கிச் சுருண்டு, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு குமிழோடு இருந்தது. பாய் அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, “வாளுக்கு வயிறு போட்டிருக்குதே, வாத்தியாரே” என்றான்.

“பலசாலி வாள் பாய்” என்றேன்.

பித்தளை அச்சு செய்துகொடுக்கிறவர் வேலூரில் இருந்தார். படத்தைப் பாய்தான் கொண்டுபோனான். நான் கொடுத்தது ஒரு வாள். அவன் செய்து வாங்கி வந்தது இரண்டு அச்சு. ஒன்று இடப்பக்கம் வளைந்தது, இன்னொன்று வலப்பக்கம் வளைந்தது.

“இன்னாத்துக்கு ரெண்டு?” என்று கேட்டேன்.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “உனக்குக் காலு எத்தனை?”

கட்டிங்கில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இப்படித்தான். இடது காலுக்கு ஒரு துண்டை வெட்டினால், அட்டையை அப்படியே திருப்பிப் போட்டு வலது காலுக்கு ஒன்று வெட்டுவார்கள். கை அப்படிப் பழகிவிட்டது. அவர்களிடம் ஒரு மாம்பழம் வரைந்து கொடுத்தாலும் திருப்பிப் போட்டு இன்னொரு மாம்பழம் வரைந்துவிட்டுத்தான் ஓய்வார்கள். நானும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வாழ்ந்தவன் என்பதால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இதில் யோசிப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. கம்பெனியில் ஜோடியை முகத்தோடு முகம் வைத்து, ஒன்றின் குதிகால் பக்கம் மற்றதன் விரல் பக்கம் வரும்படி தலைமாற்றிப் போட்டுத்தான் கட்டுவோம். இடம் கம்மியாகப் பிடிக்கும். இங்கேயும் அதேபோல அச்சு அடித்த கையோடு மடக்கி, பிளாஸ்டிக் கவருக்குள் தள்ளிவிட்டோம். இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காலில் போடுகிற மாதிரி, எங்களில் ஒருவரும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆம்பூரில் செருப்பு ஓடவில்லை. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனியில் இருப்பார், ஏற்றுமதியில் கழித்துவிட்ட ஷூக்கள் தெருவுக்குத் தெரு குவியலாகக் கிடைக்கும். வெளிநாட்டுக்காரன் காலுக்குப் போகவேண்டிய ஷூவைப் போட்டுக்கொண்டு மாடு கறக்கப் போகிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சிங்கத்தின் நகம் என்றால் யார் நிற்பார்கள்? பாய் வாணியம்பாடி போனான். குடியாத்தம் போனான். கடைக்கடையாக ஏறி, ஒற்றைச் செருப்பை எடுத்து வைத்து, “பேரு ஷம்ஷீர். அர்த்தம் இன்னா தெரியுமா?” என்று ஆரம்பிப்பான். அர்த்தத்தை எல்லாரும் ரசித்தார்களாம். சரக்கை வைத்துவிட்டுப் போ, பார்க்கலாம் என்றார்களாம். வேலூரில் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பெரிய மூட்டையாக இறக்கிவிட்டு வந்தான். அதோடு நோன்பு மாதம் பிறந்தது. எந்தக் கடையிலிருந்தும் பேச்சில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்கு நூலகத்துக்குப் போகிற புத்தி வந்தது. வேலூரில் ஒரு காலேஜ் நூலகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். சொற்களின் பிறப்பைச் சொல்கிற தடித்த அகராதி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிங்கத்தின் வேறு ஏதாவது உறுப்பும் அந்தச் சொல்லில் இருந்தால், அடுத்த மாடலுக்கு உபயோகப்படுமே என்ற எண்ணத்தில்தான் திறந்தேன்.

சிங்கமே இல்லை. அந்தச் சொல் மிகப் பழையது, அதன் வேர் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று போட்டிருந்தது. சொல்லின் கடைசி ‘ஷேர்’ மாதிரி ஒலிப்பதைக் கேட்ட ஜனங்கள், பின்னால் தாங்களாகவே சிங்கத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்களாம். நகம் சிலர் கட்டியது, வால் வேறு சிலர் கட்டியது. அதாவது உளறுவதிலும் நான் முதல் ஆள் இல்லை. இதைவிட ஒன்று என்னை உட்கார வைத்துவிட்டது. அந்தச் சொல் பிறந்த காலத்தில் வாள் வளைந்தே இருக்கவில்லையாம். நேரான வாளுக்கும் அதுதான் பெயர். வாள் பிற்பாடுதான் வளைந்தது, பெயர் மட்டும் விடாமல் கூடவே வந்திருக்கிறது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன். நோன்பு திறக்கிற நேரம். சொல்ல வாயைத் திறந்தேன், பாபி கையைக் காட்டி அடக்கினார். அவன் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, கஞ்சியில் பாதியைக் குடிக்கும் வரை காத்திருந்தேன். கொட்டகைக்குள் பார்த்தால் ஆணியில் கோட்டு இல்லை. துவைத்து, வாசலில் கொடியில் காயப் போட்டிருந்தார்கள்.

“பாய், ஷம்ஷீர்ல சிங்கம் இல்ல” என்றேன்.

கஞ்சிக் கிண்ணத்துக்கு மேலாகப் பார்த்தான். “எங்க போச்சு?”

“எப்பவுமே இல்லியாம்.”

“நகம்?”

“நகமும் இல்ல.”

“வாலுன்னு ஒரு நாளு சொன்னியே?”

“அதுவும் இல்ல பாய்.”

“அப்ப இன்னாதான்யா இருக்குது அதுல?”

“தெரியலன்னு போட்டிருக்குது.”

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “குடியாத்தம் வரைக்கும் போயி நகம் நகம்னு சொல்லிட்டு வந்திருக்கேன், வாத்தியாரே. கையை இப்படி மடக்கிக் காட்டி வேற சொன்னேன்.” ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினான். நோன்பில் வாடிய முகம், அந்தக் கை, எல்லாமாகச் சேர்ந்து சிங்கத்தைவிடப் பூனைக்குட்டியையே ஞாபகப்படுத்தியது.

உள்ளேயிருந்து பாபி சொன்னார்: “பெருநாளைக்கு ஷீர் குர்மா காய்ச்சறோமே, அதுலயுந்தான் ஷீர் இருக்குது. அதுல சிங்கத்தையா போட்டுக் காய்ச்சறோம்? பாலுதான?”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த வீட்டில் வருடா வருடம் குடிக்கிற பாயசம், என் மூளைக்கும் எட்டவில்லை, அவன் மூளைக்கும் எட்டவில்லை.

“சிங்கம் போயிடுச்சுன்னா ஓடாதேம்மா” என்றான் பாய்.

“சிங்கம் இருந்தப்ப மட்டும் ஓடிச்சா?”

பாய் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பிறகு அவன் வாசலைப் பார்த்தபடி, “ஞாயித்துக்கிழமை வேலூர் போயி அந்த மூட்டையை எடுத்துட்டு வந்துடலாம். நீயும் வா. அதுக்கப்புறம்...” என்று நிறுத்தினான். அதற்கப்புறம் என்ன என்பது கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் ரம்ஜானும் பொங்கலும் ஒட்டி வந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலூர் மார்க்கெட் தெருவில் நடக்க இடமில்லை. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுத்துணிப் பை என்று ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் நெரித்தார்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் நிலக்கடலை எடுத்து விற்று முடித்த நேரம், அங்கிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கின. பாய் மடித்த காலி கோணிப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். மூட்டையைத் திருப்பி எடுக்கும்போது கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் என்னிடம் ஒத்திகை பார்த்தான். “இடம் அடைக்குதுன்னு சொல்லுவான். நம்மளே முந்திக்கணும். இடம் அடைக்குதே, எடுத்துக்கறோம்னு சொல்லிடணும்.”

கடைக்காரர் தொங்கும் செருப்புகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாயைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

“யோவ் பாய்! எங்கய்யா போய்ட்ட? ஒரு விலாசம் குடுத்துட்டுப் போறதில்ல?”

“இடம் அடைக்குதே...” என்று பாய் ஆரம்பித்தான்.

“அந்த மீசைச் செருப்பு இன்னும் இருக்குதா இல்லியா, அதைச் சொல்லு மொதல்ல.”

நாங்கள் இருவரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம், வேறு யாரையாவது கேட்கிறாரோ என்று. பின்னால் ஒரு கரும்புக்கட்டுதான் நின்றது.

“எந்த மீசை?” என்றேன் நான்.

அவர் மேலே காட்டினார். எங்கள் செருப்பு ஒரே ஒரு ஜோடி மிச்சம். அந்தக் கடையில் ஜோடியை முகம் தெரிய, பக்கத்தில் பக்கத்தில், குதிகால் கீழே வரும்படி ஒரு ஆணியில் மாட்டுவார்கள். இடது செருப்பில் என் வாள், வலது செருப்பில் திருப்பிப்போட்ட என் வாள். குமிழும் குமிழும் நடுவில் வந்து சேர்ந்து, கொழுத்த வயிறு இரண்டு பக்கமும் இறங்கி ஏறி, முனைகள் இரண்டும் மேல்நோக்கிச் சுருண்டு, தங்க நிறத்தில், ஒரு முரட்டு மீசை. மீசையேதான். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு வாளைக் கண்டுபிடிக்கவே முடியாது. மியூசியம் காவலாளி என்னை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால் என்ன வரைந்திருப்பேனோ.

கடைக்காரர் சொல்லிக்கொண்டே போனார். ஒடுகத்தூர் ஆள் ஒருவர், கோழி மூடுகிற கொடாப்புக் கூடை மாதிரி மீசை, கரும்பு வாங்க வந்தவர், அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாராம். தன் மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, “இது எனக்குன்னே செஞ்சதுய்யா” என்று மாட்டிக்கொண்டு போனாராம். மறுநாள் அவருடைய மச்சான்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த பஸ்ஸில் வந்தவர்கள். “மீசை சரியா முளைக்காதவன்கூட வாங்கினு போறான்யா. கீழயாவது இருக்கட்டும்னு.”

எனக்குள் இருந்த அறிஞன் கண்விழித்துவிட்டான். “அது மீசை இல்லீங்க. ஷம்ஷீர்னு சொல்லுவாங்க. பாரசீகத்துல ரொம்பப் பழைய...”

என் கால் விரல்கள் மேல் பாயின் முழு எடையும் ஏறி நின்றது.

“மீசைதாங்க” என்றான் பாய். “பெரிய மீசை. எப்ப வேணும் சொல்லுங்க.”

“நாளைக்கே வேணும். பொங்கலுக்கு முன்னால. உங்க பெருநாளைக்கும் ஆளு வரும் இல்ல?”

திரும்பும் பஸ்ஸில் அவன் காலிக் கோணியைத் தலையில் போர்த்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நிற்கும்போதெல்லாம் மேலுதட்டைத் தடவிப் பார்ப்பான், மறுபடி ஆரம்பிக்கும். அவனுக்குத் தாடி உண்டு, மீசை கிடையாது. அவர்கள் வீட்டில் ஆண்கள் எல்லாருமே அப்படித்தான், தாடியை விட்டு மீசையை ஒட்ட வழித்துவிடுவார்கள். “எனக்கே மீசை இல்லியே, வாத்தியாரே!” என்று அவன் சொன்னபோது முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து அனுதாபப்பட்டார்.

அதற்கப்புறம் பெருநாள் வரை கொட்டகையில் மெஷின் சத்தம் ஓயவில்லை. வேலை முடிந்ததும் நானும் போய் அச்சு அடித்துக் கொடுத்தேன். பெருநாளன்று பாய் ஒரு தூக்குவாளியில் ஷீர் குர்மா எடுத்துக்கொண்டு பழைய மேனேஜர் வீட்டுக்குப் போனான். கூடவே ஒரு ஜோடி செருப்பும். அவர் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை வேறு மாதிரி சிரித்தாராம். “சரி, உன் இடத்துக்கு ஆள் பார்த்துக்கறேன்” என்று சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

அடுத்த முறை நான் கொட்டகைக்குப் போனபோது, பாபியின் தையல் மெஷின் மேல் தூசி படாமல் இருக்க ஒரு நீலத்துணி உறை போட்டிருந்தது. ஓரத்தில் பேனா வைக்கிற பை அப்படியே இருந்தது. அதில் பாபி கத்திரிக்கோல் வைத்திருந்தார்.

பிறகு இரண்டாயிரங்கள் வந்தன. காட்பாடியில் யுனிவர்சிட்டி பக்கம் இன்டர்நெட் சென்டர்கள் முளைத்தன. மாணவர்களுக்கு நடுவில் நானும் போய் உட்கார்ந்து ஷம்ஷீரைத் தேடுவேன். அந்தச் சொல் மேற்கே கிரேக்கம் வரை போனது என்று ஒருவர் எழுதியிருப்பார். இத்தாலிக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் வாயில் விழுந்து, வளைந்து, இங்கிலீஷில் ‘சிமிட்டர்’ ஆனது என்று இன்னொருவர். அதெல்லாம் இல்லை, அது வேறு இது வேறு என்று மூன்றாமவர். ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. யாருக்கும் தெரியாத விஷயத்தில் எனக்கும் தெரியாமல் இருப்பது எவ்வளவு கௌரவம்! சிங்கத்தின் மேல்கூட எனக்குக் கோபம் போய்விட்டது. ஏதோ ஒரு கடையில், ஏதோ ஒரு ஆள், ஒரு சொல்லை நிமிர்ந்து பார்த்து, இது சிங்கம்தான் என்று ஆசைப்பட்டிருக்கிறான். பக்கத்து ஊர்க்காரர்கள் அவன் பின்னால் வந்திருக்கிறார்கள். நடந்தது அவ்வளவுதான்.

பாயின் கொட்டகை இப்போது பின்னாலிருந்து முன்னாலும் வந்து, மெயின் ரோட்டில் ஒரு கடையாகவும் ஆகிவிட்டது. போர்டில் பெரிய தங்க மீசை. ஒரு மத்தியானம் நான் போனபோது அவன் தொழுகைக்குப் போயிருந்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா கவுன்ட்டரில் இருந்தார், என்னைத் தெரியாது. குறும்பு யாரை விட்டது? ஒரு ஜோடியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “இதுல இன்னாம்மா மீசை போட்டிருக்குது?” என்று கேட்டேன்.

“அதுவா? ஓனரோட தாத்தாவுக்கு இம்மாம் பெரிய மீசையாம் சார். வெள்ளைக்காரனே பார்த்து ஒதுங்கிப் போவானாம். அவரு ஞாபகமா வச்ச மார்க்கு” என்றார், கண்ணிமைக்காமல்.

அந்தத் தாத்தாவின் போட்டோ பாய் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நெஞ்சுவரை தாடி, மூக்குக்குக் கீழே வெறும் மைதானம்.

நான் விடுவேனா? அது மீசையே இல்லை என்று ஆரம்பித்தேன். வளைந்த வாள் என்றேன். பாரசீகம் என்றேன். முதலில் நேராக இருந்ததையும் பிறகு வளைந்ததையும் கையால் காட்டினேன். சிங்கம் வந்த கதை, சிங்கம் போன கதை, கோட்டை மியூசியம், காவலாளி, எதையும் விடவில்லை. கடைசியாக, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “அதை வரைஞ்சதே நான்தாம்மா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார்.

“சைஸ் இன்னா சார்?”